பெட்டிக்குள் வெட்டிய முடி

“பையைத் தொடாதீங்க சார்! அது என் பை!”

“பை உன்னுதுதாம்மா. உள்ள இருக்கறது என்னுது. அதானே பேச்சே!”

“அது எப்படி உள்ள வந்துதுன்னு எனக்குத் தெரியாதுன்னு எத்தனை வாட்டி சொல்றது?”

“கால் முளைச்சு நடந்து வந்துச்சோ? ரெண்டும் கைகோத்துக்கிட்டு?”

ஸ்டுடியோக்காரரின் குரல் கண்ணாடிக் கதவைத் தாண்டி எதிர்ச்சாரித் தையல் கடை வரை கேட்டது. தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டார். நியாயம்தான். இப்படி ஒரு சண்டை நடக்கும்போது காஜா எடுத்துக்கொண்டிருப்பவன் மனுஷனா?

அண்ணியும் அவள் கொழுந்தனும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது அந்த நேரத்தில்தான். உறவுப்படி அவள் அவன் ஒருவனுக்குத்தான் அண்ணி. ஆனால் அவன் வாய் ஓயாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவுக்கே அவள் அண்ணியாகிவிட்டாள். முன்பு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். எரிந்த கிடங்கையும் கவிழ்ந்த லாரியையும் போய்ப் பார்த்து, “இது தானாக எரியவில்லை” என்று சொல்வதுதான் வேலை. அதை விட்டபிறகு அதே காரியத்தைத் தனியாகச் செய்கிறாள். கொழுந்தன் கூடவே போவான். அவனுக்கு வேறு வேலை இல்லை என்று தெரு சொல்லும். இருக்கிறது என்று அவன் சொல்வான். இன்னும் தீர்ப்பாகவில்லை.

துப்பறிகிறவளுக்கு ஒரே ஒரு குறை. அழுக்கைக் கண்டால் வயிற்றைப் புரட்டும்.

அந்த எடிட்டிங் அறையோ, புரட்டுவதற்கென்றே அலங்கரித்தது போல் இருந்தது. விசைப்பலகையின் இடுக்கெல்லாம் பிஸ்கட் தூள். டீக் கோப்பைகளில் பச்சையாகப் பூஞ்சை. ஏசி விட்ட காற்றில் ஈர சாக்ஸ் நாற்றம். அண்ணி கைக்குட்டையை மூக்கில் வைத்தாள். அது அப்புறம் கீழே இறங்கவே இல்லை.

“என்னக்கா விஷயம்?” என்று கேட்டாள், ஸ்டுடியோக்காரரின் மனைவியைப் பார்த்து. அவர்தான் போன் செய்து அழைத்தவர். வரவேற்பு மேசையில் உட்கார்ந்து ஆல்பம் வாங்க வருகிறவர்களுக்குச் சிரிக்கும் வேலை அவருடையது. இப்போது சிரிப்பு இல்லை.

“பெரிய கம்ப்யூட்டர்லேர்ந்து மெமரிச் சில்லை, அதான் ராமை, எங்க எடிட்டர் பொண்ணு திருடிட்டான்னு சொல்றாங்க. எனக்கு நம்ப முடியலை. நம்பாமலும் இருக்க முடியலை. நீங்களே பார்த்துச் சொல்லுங்க.”

திருடியாகச் சொல்லப்பட்டவள் எடிட்டர். கல்யாண வீடியோ, பள்ளி ஆண்டு விழா, எதைக் கொடுத்தாலும் பார்க்கிற மாதிரி வெட்டிக் கொடுப்பவள். அந்தக் கடைக்கு வாடிக்கை வந்ததே அவள் கைக்காகத்தான் என்பது ஸ்டுடியோக்காரரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு இப்போது ஊரிலேயே பெரிய எடிட்டிங் நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி. இன்று சாயங்காலம் அங்கிருந்து இங்கே போன் வரும், “பெண் எப்படி?” என்று கேட்பார்கள். நல்ல பெண் என்றால் நாளைக்கே அங்கே நாற்காலி. திருடி என்றால், அந்தத் தொழிலில் இனி எவனும் அவள் கையில் மவுஸைக்கூடத் தர மாட்டான்.

“போலீஸுக்கெல்லாம் நான் போக மாட்டேன், அண்ணி,” என்றார் ஸ்டுடியோக்காரர், குரலை வெல்லமாக்கிக்கொண்டு. “பொம்பளைப் புள்ள வாழ்க்கை. தப்பு பண்ணிட்டா, மன்னிச்சுட்டேன். இங்கயே, இதே சம்பளத்துல, வாயை மூடிக்கிட்டு வேலை பார்க்கட்டும். போன் வந்தா ‘அவ எங்கயும் வர்றதா இல்லை’ன்னு நானே சொல்லிடறேன். விஷயம் வெளிய போகாது.”

சொல்லிக்கொண்டே ஒரு சின்னச் சாவியால் காதைக் குடைந்தார். குடைந்ததை வெளியே எடுத்துப் பார்த்தார். பார்த்ததை நாற்காலிக் கையில் தடவினார். அண்ணி கூரையைப் பார்த்தாள்.

கொழுந்தன் குனிந்து காதோடு சொன்னான். “அண்ணி, பெருந்தன்மைக்கு இப்படி ஒரு வாடை உண்டா?”

“பேசாம இரு. யார் கண்டுபிடிச்சது?”

“நான்தான்.” கையைத் தூக்கியது மச்சான். ஸ்டுடியோக்காரருடைய மனைவியின் தம்பி. கடையின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். தெருவில் பாதி வீட்டுக்கும் அவரேதான். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் எப்போதும் நிற்கும். எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் வாயால் ஒரு ஊதல் ஊதுவார். அந்த ஊதலில் பாதிதான் காற்று.

“சொல்லுங்க.”

“போன வாரம் இந்தப் பெட்டியை என் ரூமுக்கு எடுத்துட்டுப் போய், சுத்தமா தூசி தட்டிக் கொண்டாந்து வெச்சேன். நல்லாத்தான் ஓடிச்சு. அதுக்கப்புறம் ஆமை மாதிரி ஆயிடுச்சு. மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடியற ரெண்டர், இப்ப ராத்திரி வரைக்கும் இழுக்குது.”

ரெண்டர் என்பது, வெட்டி ஒட்டிய துண்டையெல்லாம் மெஷின் உருக்கி ஒரே படமாக்கும் வேலை. மெஷின் சவலையாக இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

“மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். முதல்ல வர்ற ஸ்க்ரீன்ல மெமரி வேகம் போடும் இல்லையா, அது ஆயிரத்து அறுநூறுன்னு காட்டணும். ஆயிரத்து அறுபத்தாறுன்னு காட்டுது. திறந்து பார்த்தா, நல்ல ராம் நாலையும் உருவிட்டு, ரெண்டு பழைய ராமைச் சொருகி வெச்சிருக்கு. பையைச் சோதிச்சோம். ரெண்டு கிடைச்சுது.”

“மீதி ரெண்டு?”

“வித்திருப்பா.”

“வித்திருந்தா நாலையும் வித்திருக்க மாட்டேனா?” என்று பாய்ந்தாள் எடிட்டர். “மிச்சத்தை எதுக்குத் திருடின இடத்துக்கே பத்திரமா தூக்கிட்டு வரேன்?”

“பொறந்த வீட்டைப் பார்க்கணும்னு அழுதிருக்கும்,” என்றான் கொழுந்தன்.

அண்ணி அந்த இரண்டு ராமையும் பார்த்தாள். விரல் நீளத்துக்குப் பச்சைப் பட்டை, மேலே கறுப்புச் சில்லுகள். ஓரத்து ஒட்டுத்தாளில் ஆயிரத்து அறுநூறு என்ற எண்.

அந்த எண் தெருவுக்கே பரிச்சயம். மெஷின் வந்த அன்று ஸ்டுடியோக்காரர் எல்லாரையும் கூப்பிட்டு அந்த முதல் ஸ்க்ரீனைத்தான் காட்டினார், பிறந்த பிள்ளையைக் காட்டுவது போல. “ஆயிரத்து அறுநூறு! பார்த்துக்கோங்க!” என்ன ஆயிரத்து அறுநூறு என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் எல்லாரும் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், சாக்லேட் வாங்கிக்கொண்டு போனார்கள்.

“மச்சான், இந்த ரெண்டையும் அந்தப் பெட்டியில மாட்டுங்க,” என்றாள் அண்ணி.

“இப்பவா?”

“நல்ல நேரம் பார்க்கணுமா?”

“இல்லை... தடயம் இல்லையா... கைரேகை...”

“அதான் நீங்க ஏற்கெனவே எச்சில் தெளிச்சு ஊதியாச்சே. மாட்டுங்க.”

மச்சான் அத்தானைப் பார்த்தார். அத்தான் சாவியைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் பக்கவாட்டுத் தகட்டை ஒரு சாண் மட்டும் நகர்த்தி, கையை உள்ளே விட்டு, பழையதைப் பிடுங்கி நல்லதைச் சொருகினார். பட்டனை அழுத்தினார். திரை வெளிறி, கறுத்து, எழுத்துகள் வந்தன.

மெமரி வேகம்: 1066.

மச்சான் சட்டைக் கையால் திரையை ஒரு தரம் துடைத்தார்.

“அது... செட்டிங் மாறியிருக்கும்,” என்றார் மச்சான்.

எடிட்டர் அவரை ஒதுக்கிவிட்டு விசைப்பலகை முன் உட்கார்ந்தாள். ஒரு நீலத் திரையைத் திறந்து, கடகடவென்று கீழே இறங்கி நிறுத்தினாள். “பாருங்க. வேகம் மாத்தற இடம் இதுதான். எண்ணூறு இருக்கு, ஆயிரத்து அறுபத்தாறு இருக்கு. அதுக்கு மேல தேர்ந்தெடுக்க ஒண்ணுமே இல்லை.”

“அப்படின்னா?” என்று கேட்டார் ஸ்டுடியோக்காரரின் மனைவி.

அண்ணி கைக்குட்டைக்குள்ளிருந்தே பேசினாள். “அக்கா, ராம் தன் இஷ்டத்துக்கு ஓடாது. மெஷினோட மூளை ப்ராசஸர். அது கேட்கணும், இது குடுக்கணும். ரெண்டையும் சொருகியிருக்கற பெரிய அட்டைதான் போர்டு. அதுல ரெண்டுக்கும் நடுவுல ஒரு பாதை இருக்கு. அதுக்கு பஸ்னு பேரு.”

“டிக்கெட் யாரு...”

“நீ வாயைத் திறக்காத. அந்தப் பாதைக்கு ஒரு வேகம் உண்டு. அதுக்கு மேல ராம் எவ்வளவு வேகமானதா இருந்தாலும் பிரயோஜனமில்லை. இப்ப, இவன் நல்லா ஓடுவான். இவன் கையை இவங்க அண்ணன் கையோட கட்டிவிட்டா எந்த வேகத்துல போவான்?”

“அண்ணன் வேகத்துல,” என்றான் கொழுந்தன். “அதாவது சோபாவுலயே.”

“அவ்வளவுதான். ரெண்டுல எது மெதுவோ அதுதான் வேகம்.”

ஸ்டுடியோக்காரரின் மனைவி மெல்ல எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். “ஆனா அன்னிக்கு இதே ராம், இதே மெஷின்ல ஆயிரத்து அறுநூறு காட்டிச்சே. தெருவே பார்த்துச்சே.”

“இதே ராம்தான். மெஷின்தான் இது இல்லை.”

அண்ணி திரையை விட்டுத் திரும்பினாள்.

“பெட்டி அதேதான். உள்ள இருக்கற போர்டையும் ப்ராசஸரையும் யாரோ மாத்திட்டாங்க. ராம் போச்சு, ராம் போச்சுன்னு கூப்பாடு போட்டா ஒருத்தரும் அதுக்கடியில இருக்கறதைப் பார்க்க மாட்டாங்கன்னு கணக்கு. கம்ப்யூட்டர் மெதுவானா ‘ராம் போடுங்க’ன்னு சொல்றதைத் தவிர நம்ம தெருவுல யாருக்கு என்ன தெரியும்?”

“அடப்பாவி!” ஸ்டுடியோக்காரர் எடிட்டர் பக்கம் திரும்பினார். “போர்டையும் சேர்த்தா திருடின?”

“சாப்பாட்டுத் தட்டைவிடப் பெருசு, சார்,” என்றான் கொழுந்தன். “அந்தக் கைப்பையில சீப்பும் குடையும் வெச்சா மூட முடியாது.”

அண்ணி பெட்டியைக் காட்டினாள். “தகட்டை முழுசா கழட்டுங்க. ஏன் ஒரு சாண் மட்டும் நகர்த்தினீங்க, மச்சான்?”

மச்சான் நகரவில்லை. எடிட்டர்தான் திருகாணிகளைக் கழற்றித் தகட்டை எடுத்துச் சுவரில் சாய்த்தாள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். எல்லாரும் ஒரு அடி பின்னால் வந்தார்கள்.

போன வாரம் சுத்தமாகத் தூசி தட்டிய பெட்டியாம். ப்ராசஸர் மேலிருந்த விசிறி கம்பளிப்பூச்சி போல் கிடந்தது. அலுமினியத் தகடுகளுக்கு நடுவே எண்ணெயும் பவுடரும் குழைந்து களிம்பாகி, அந்தக் களிம்பில் முடி. ஒன்றிரண்டு அல்ல, கற்றை கற்றையாக. ஓரத்தில் கரப்பான் பூச்சியின் முட்டைக்கூடு ஒன்று, முத்திரை வைத்தது போல் ஒட்டிக்கொண்டிருந்தது.

கொழுந்தன் ஜன்னலுக்குப் போய்விட்டான். அண்ணியின் முகம் வெளுத்தது. ஆனாலும் குனிந்தாள். மேசையில் கிடந்த பழைய பேனா மூடியால் அந்த மெத்தையைக் கிளறினாள்.

“வா இங்க. பாரு.”

“நீங்க சொல்லுங்க அண்ணி, நான் நம்பறேன்.”

“வாடா! இந்த முடி யாரோடது?”

கொழுந்தன் ஒற்றைக் கண்ணால் பார்த்தான். பிறகு ஸ்டுடியோக்காரரின் வழுக்கையைப் பார்த்தான். “சாரோடது இல்லை. அது மட்டும் நிச்சயம்.”

“எடிட்டருக்கு முழங்கை வரைக்கும் பின்னல். இது எல்லாமே நகக்கண் அளவுதான். ஒண்ணு கறுப்பு, ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சாயம் போட்டு ஆரஞ்சாப் போனது. முனையெல்லாம் கத்திரி பட்டு நேரா இருக்கு. உதிர்ந்த முடி இல்லை, வெட்டின முடி. போதாததுக்கு முகப்பவுடர். இந்த அறையில யாருக்கும் முடி வெட்டறதில்லை.”

கொழுந்தனின் கை தானாகத் தன் பிடரிக்குப் போனது. “முனை சலூன்! அங்க கம்ப்யூட்டர்லதான் பாட்டு போடுவாங்க, ஒரு வாரமா ஓடவே இல்லை!”

“இதுக்கெல்லாம் எதுக்கு வெளியில போய் விசாரிச்சுக்கிட்டு...” என்று ஸ்டுடியோக்காரர் ஆரம்பிப்பதற்குள் அண்ணி வாசலில் இருந்தாள். “எடிட்டர், பெட்டியை விட்டு நகராதீங்க. யாரும் இதைச் சுத்தம் பண்ணக் கூடாது. அந்த ஆபத்து இங்க இல்லைதான், இருந்தாலும் சொல்றேன்.”

முனை சலூனைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, இதைப் படிக்கிறவர்களும் அங்கே போகிறவர்கள்தான். ஒரே துண்டு. காலையில் அது வெள்ளையாக இருந்திருக்கலாம். சீப்பு ஊறும் நீலத் தண்ணீரில் மிதப்பது என்ன என்று கேட்காமல் இருப்பதுதான் வாடிக்கையாளருக்கு அழகு. நாற்காலியில் ஒருவர் பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தார். சலூன்காரர் அதே துண்டில் கத்தியைத் துடைத்துவிட்டு அதிலேயே தன் நெற்றியையும் துடைத்தார்.

அண்ணி வாசற்படியிலேயே நின்றுகொண்டாள்.

“வாங்க சார்!” என்றார் சலூன்காரர் கொழுந்தனிடம். “போன வாரம்தானே வெட்டினீங்க? சரியா வரலையா?”

“வீட்ல யாரும் அடையாளமே கண்டுபிடிக்கலை. அது கிடக்கட்டும், பாட்டு ஏன் ஓடலை?”

“அதை ஏன் கேக்கறீங்க! பாட்டு இல்லாததால வர்றவங்க எல்லாம் என் பேச்சைக் கேக்க வேண்டியிருக்கு. ஒருத்தர் பாதிக் கிராப்போட எழுந்து போயிட்டார்.”

நுரை முகத்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அலமாரி மேல் துணி போர்த்தி ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருந்தது. அண்ணி கண்ணைக் காட்டினாள். கொழுந்தன் அதை எடுக்கக் கையை நீட்டி, எடை இருக்கும் என்று மூச்சுப் பிடித்துத் தூக்கினான். பெட்டி துள்ளிக்கொண்டு வந்து நெற்றியில் இடித்தது. உள்ளே ஒன்றுமில்லை. செத்த கரப்பான் ஒன்று மட்டும் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு உருண்டது.

“காலியா இருக்கே!”

“ஆமா. உள்ளிருக்கற சாமானெல்லாம் ரிப்பேருக்குப் போயிருக்கு. மச்சான்தான் கழட்டிட்டுப் போனார். பழைய போர்டு, சுத்தம் பண்ணித் தரேன்னார்.”

“தனியா வந்து கழட்டினாரா?” வாசலிலிருந்து கேட்டாள் அண்ணி.

“இல்லைங்களே. லைட் வெளிச்சம் போதலை. ஸ்டுடியோக்காரர்தான் டார்ச் பிடிச்சார்.”

அண்ணியின் கைக்குட்டை முதல் முறையாக மூக்கை விட்டு இறங்கியது.

“ஸ்டுடியோக்காரரா?”

“அவரேதான். ‘கொஞ்ச நாள் பொறுத்துக்க, இதே போர்டைத் திரும்பக் கொண்டாந்து மாட்டிக் குடுத்துடறோம், யார்கிட்டயும் மூச்சு விடாத’ன்னார். நானும் யார்கிட்டயும் சொல்லவே இல்லையே.”

“இப்ப என்ன பண்ணினீங்க?” என்றான் கொழுந்தன் நெற்றியைத் தடவிக்கொண்டு.

“நீங்க கேட்டீங்க, சொன்னேன். அது வேற.”

வெளியே வந்ததும் அண்ணி நின்றாள். சலூனுக்கும் ஸ்டுடியோவுக்கும் நடுவில் ஒரு குப்பைத் தொட்டி வழிந்துகொண்டிருந்தது. வழக்கமாக அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறவள், இன்று அதன் பக்கத்திலேயே நின்று யோசித்தாள். மனசுக்குள் இருந்த நாற்றம் அதைவிடப் பெரிதாக இருந்திருக்க வேண்டும்.

“நான் மச்சான்தான் திருடிட்டான்னு நினைச்சேன்டா.”

“நானும்தான் அண்ணி. முதலாளியே டார்ச் பிடிச்சா அது எப்படித் திருட்டு?”

“திருட்டே இல்லை. சலூன் போர்டைத் திருப்பிக் குடுத்துடறேன்னு சொல்லியிருக்கார். அப்படின்னா தன்னோட நல்ல போர்டு கையிலயே இருக்கு, திரும்ப மாட்டறதுக்கு. எதுவுமே காணாமப் போகலை. அந்தப் பொண்ணு போயிடக் கூடாது, அவ்வளவுதான். அவ மேல ஒரு கறையைப் பூசிட்டா, வேற எங்கயும் கேக்க மாட்டாங்க. இவர் மன்னிச்சு வேலை குடுத்த புண்ணியவானா இருப்பார், அவ காலம் பூரா நன்றியோட ரெண்டர் போட்டுக்கிட்டிருப்பா.”

கொழுந்தனுக்கு வேடிக்கையாக எதுவும் தோன்றவில்லை. தெருவில் இது ஒரு அதிசயம். “த்தூ,” என்றான்.

“தொட்டிக்குள்ள துப்பு.”

அவர்கள் திரும்பியபோது ஸ்டுடியோக்காரர் போனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வெயில் சாய்ந்துவிட்டது. எடிட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கண்ணெல்லாம் போன் மேல்தான்.

“லென்ஸெல்லாம் பூட்டி வைக்கற பீரோ எங்க இருக்கு, அக்கா?” என்று அண்ணி கேட்டாள்.

“உள் ரூம்ல. பூட்டியிருக்கும். அவர் காது குடையற சாவிதான் அதுக்கு, அவர்கிட்ட மட்டும்தான் இருக்கும். என்கிட்டகூடத் தர மாட்டார்.”

“உங்க சொந்தத் தம்பியா இருந்தாலும் மச்சான்கிட்ட ஒரு நல்ல போர்டை ராத்தங்கலா விட்டு வைக்கற ஆள் இல்லை உங்க வீட்டுக்காரர். தானே பூட்டித்தான் வெச்சிருப்பார். சாவியை வாங்குங்க.”

“எதுக்கு? என் பீரோவை எதுக்கு?” ஸ்டுடியோக்காரர் எழுந்தார். காது குடைந்த சாவி நாற்காலிக் கையிலேயே இருந்தது. அண்ணி அதைப் பார்த்தாள். தொடுவதாக இல்லை. கொழுந்தன் தன் சட்டை நுனியால் அதைக் கவ்வி எடுத்து, “அக்கா, பிசுபிசுப்புக்கு நான் பொறுப்பில்லை,” என்று நீட்டினான்.

ஸ்டுடியோக்காரரின் மனைவி அதை வெறுங்கையால் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பீரோ திறக்கும் கிறீச்சென்ற சத்தம். பிறகு அவர் வந்தார். கையில் கல்யாண ஆல்பம் சுற்றித் தருகிற வெல்வெட் துணி. மேசையில் வைத்துப் பிரித்தார். தூசி இல்லாத போர்டு, ப்ராசஸர், பக்கத்தில் மீதி இரண்டு ராம்.

“என்னங்க இது?”

ஸ்டுடியோக்காரர் வெல்வெட் துணியின் நுனியை இழுத்து மூடப் பார்த்தார். மச்சான்தான் உடைந்தார். அழுகையா, எரிச்சலா என்று தெரியாத ஒரு குரல்.

“நான் அப்பவே சொன்னேன் அத்தான்கிட்ட! முதல்ல ராமை மட்டும்தான் மாத்தினோம். நாலையும் எடுத்துட்டு மெதுவான ரெண்டைப் போட்டோம். கத்திக் குதிப்பா, வேலை நின்னுடும்னு காத்துக்கிட்டிருந்தோம். ஒருத்தருக்குமே தெரியலை! ரெண்டர் ஒரு டீ குடிக்கற நேரம்தான் கூட ஆச்சு. இவ பாட்டுக்கு முடிச்சுக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டா. ‘இவ்வளவுதானா உன் ராம்?’னு அத்தான் என்னையே திட்டறார்!”

“ராம் வேகத்தால அவ்வளவுதான் வித்தியாசம் வரும்,” என்றாள் எடிட்டர், தொழில்காரியாக. பிறகு என்ன சொல்கிறோம் என்பது உறைத்து வாயை மூடிக்கொண்டாள்.

“அதனால போர்டையே மாத்தினீங்க,” என்றாள் அண்ணி. “மெஷின் நல்லா சாகணும், எல்லாரும் பார்க்கணும். பேராசை, மச்சான். ராமோட நிறுத்தியிருந்தா, இன்னிக்கு இந்த ரெண்டையும் மாட்டினதும் ஆயிரத்து அறுநூறுன்னு வந்திருக்கும். இவ திருடின்னு நானே என் வாயால சொல்லிட்டுப் போயிருப்பேன்.”

எடிட்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆபத்து எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுப் போயிருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

“நான் இவளுக்குத் தொழில் கத்துக் குடுத்தேன்!” ஸ்டுடியோக்காரர் திடீரென்று கத்தினார். “கத்துக்கிட்டு இன்னொருத்தன்கிட்ட போவாளா? என் கடை என்ன ஆகும்? நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? என் சாமானை நானே எடுத்து என் பீரோவுல வெச்சா அது குத்தமா?”

“சாமான் உங்களுது சார்,” என்றாள் எடிட்டர். “பேர் என்னுது.”

போன் அடித்தது.

ஸ்டுடியோக்காரரின் கை நீண்டது. அவருக்கு இன்னும் ஒரு எண்ணம் இருந்தது என்பது அந்தக் கையின் அவசரத்தில் தெரிந்தது. ஒரு வார்த்தை போதுமே. ஆனால் வரவேற்பு மேசையில் போன் எடுத்துப் பழகிய கை அதைவிட வேகம். அவர் மனைவி எடுத்துவிட்டார்.

“ஸ்டுடியோ... ஆமாங்க, நான் முதலாளியோட வீட்டம்மாதான் பேசறேன்... அவளா? இந்தக் கடை ஓடினதே அவ கையாலதாங்க. நாளைக்கே எடுத்துக்கோங்க... கை சுத்தமான்னா கேக்கறீங்க?” கணவரைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த, முடி அடைத்த அந்தப் பெட்டியைப் பார்த்தார். “இங்க இருக்கற ஒரே சுத்தமான கை அதுதான்... ஏன் விட்டுப் போறான்னா? அழுக்குங்க. தாங்கலை.”

போனை வைத்தார்.

எடிட்டர் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். ஸ்டுடியோக்காரர் அந்தப் பக்கம் திரும்பி, மறுபடியும் காதில் கையை விட்டார், சாவி இல்லாததால் விரலை. அண்ணிக்கு அதுவரை தாங்கிய வயிறு அத்தோடு கைவிட்டது. கைக்குட்டையை அழுத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். தையல்காரர்தான் தண்ணீர் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்டுக்கொண்டார். அப்படித்தான் இது எல்லாருக்கும் தெரிந்தது.

அதற்குப் பிறகு எடிட்டருக்கும் கொழுந்தனுக்கும் தெரு ஒரு முடிச்சுப் போட்டது. பொருத்தமாகத்தான் பட்டது. ஆனால் அவள் கட்டிக்கொண்டது புது நிறுவனத்தில் ஒலிப்பதிவு செய்கிற ஒரு பேசாத மனிதரை. கொழுந்தன் கல்யாணத்துக்குப் போய் மூன்று முறை சாப்பிட்டுவிட்டு வந்தான்; இன்னும் கட்டிக்கொள்ளவில்லை. மச்சான் வேறு ஊருக்குப் போய்விட்டார். அங்கேயும் கம்ப்யூட்டர்தான் என்று கேள்வி. அந்த ஊர்க்காரர்கள் பாவம்.

ஸ்டுடியோக்காரர் அதே வீட்டில்தான் இருக்கிறார். மனைவியைப் பற்றி யாராவது கேட்டால், “ஊருக்குப் போயிருக்கா, வந்துடுவா,” என்கிறார். அந்த அம்மா பின்தெருவில் ஒரு மாடி எடுத்து, தனியாக பாஸ்போர்ட் போட்டோ கடை வைத்திருக்கிறார். சாயங்காலம் அங்கே விளக்குப் போட்டால், இவர் பால்கனியிலிருந்து நன்றாகத் தெரியும்.